உள்ளே எத்தனை பேர்

முதலாம் குறுக்குத் தெருவில் பேரம் பேசி
ஆறு பீக்கன் வாங்கினேன்.
கோட்டுப் பொத்தானளவு, உள்ளே காசுப் பற்றரி.
விநாடிக்கு ஒருமுறை தன் பெயரைச் சொல்லும்,
வேறு கதை தெரியாது.

முன்பிருந்த அசைவு உணரிக்கு
அசையாமல் வாசிப்பவள் ஆளில்லை.
ஆரபி கணக்குச் செய்துகொண்டிருக்க
மூன்று தரம் இருட்டாக்கிற்று.
அதனால்தான் இது.

சுகிர்தனின் திறப்புக்கோர்வையில் ஒன்று,
ஆரபியின் பள்ளிப் பையில் ஒன்று,
என் கைப்பையின் கிழிந்த உள்ளறையில் ஒன்று,
பூனையின் கழுத்தில் ஒன்று.
மூன்றாம் நாளே பூனை அதைக் குசினியில்
எந்த இடுக்கிலோ கழற்றிவிட்டது.
வீடு இன்னமும் சொல்கிறது:
பூனை குசினியில்.

கிட்ட வருவதை வீடு எண்ணால் அறியும்,
எல்லாம் சுழிக்குக் கீழே.
கழித்தல் தொண்ணூறு என்றால் லிப்ட் வாசலில்.
கழித்தல் ஐம்பது என்றால் பக்கத்துக் கதிரையில்.
நெருங்க நெருங்கச் சுழியை நோக்கி ஏறும்,
தொடாது.
கலியாணமாகிப் பதினான்கு வருடம்,
இந்தக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன்.

யன்னலுக்கு அப்பால் தண்டவாளம், பிறகு கடல்.
பின்னேரம் பாணந்துறை ரயில் போகும்போது
அறுபது பேர் வீட்டுக்குள் வருகிறார்கள்.
காதில் செருகியவை, மணிக்கட்டில் கட்டியவை,
பெயரில்லா இலக்கங்கள்,
நதீஷாவின் இயர்போன் என்று ஒன்று.
மிதிபலகையில் தொங்கியபடியே
என் சாப்பாட்டு மேசையைக் கடந்து
பதினொரு விநாடியில்
ஒருவருமில்லை.

ஒரு ராத்திரி
துறைமுக வேலை முடிந்து வந்த சுகிர்தன்
சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.
என்ன என்று கேட்கவில்லை, கட்டிக்கொண்டேன்.
கொஞ்சம் பொறுத்து விளக்கு அணைந்தது.

உடம்பு பெரும்பாலும் தண்ணீர்,
தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும்.
இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்ட திறப்புக்கோர்வை
கழித்தல் தொண்ணூற்றாறுக்கு விழுந்தது.
என் கைப்பையோ படுக்கையறையில்,
ஆகவே வாசலில் நானும் இல்லை.
சுகிர்தன் வெளியேறினார், என்று எழுதிற்று வீடு.
இருட்டில் சிரித்தோம்.
அவன் சிரிப்பு வேறொன்றாய் மாறியதை
தோள்மூட்டின் ஈரத்தில் அறிந்தேன்.

அடுத்த நாள் பிழை திருத்தப் பதிவேட்டைத் திறந்தேன்.
நாள், நேரம், பெயர், உள்ளே, வெளியே.
நாலு மாதம், ஒரு வரி தவறாமல்.

இந்தக் கட்டங்களை நான் முன்பும் நிரப்பியிருக்கிறேன்.
இதே வெள்ளவத்தை, வேறு ஒழுங்கை,
பெண்கள் ஐந்து பேர் ஒரு வாடகை அறை.
வீட்டிலிருப்போர் விபரம், மூன்று பிரதி.
சொந்த இடம். வந்த காரணம்.
எத்தனை நாள் தங்குவீர்.
நடுச்சாமத்தில் தட்டி எண்ணுவார்கள்,
தாளில் ஐந்து என்றால் பாயிலும் ஐந்து.
அன்றைக்கு ஆறாவதாய்
முகம் கழுவிய ஈரத்தோடு வந்து நின்றாள்
பரீட்சை எழுத வவுனியாவிலிருந்து வந்த கார்த்தியாயினி.
ஜீப்பில் ஏற்றும்போது இரண்டு மணி ஐந்து நிமிடம்.
மத்தியானம் திரும்பி வந்தாள்.
பரீட்சை ஒன்பது மணிக்கு.

எத்தனை நாள் வைத்திருப்பது என்று
அமைப்பில் ஒரு கட்டம் இருக்கிறது.
எப்போதும் என்று கிடந்ததை
வேண்டாம் என்று மாற்றினேன்.
பழையதை அழிக்கவா என்று கேட்டது.
ஓம்.

இப்போது வீட்டுக்கு இந்த நிமிடம் மட்டும் தெரியும்.
விளக்கைப் போடும், மறந்துவிடும்.

மிச்சம் இரண்டு பீக்கன் லாச்சிக்குள்,
வருகிற விருந்தாளிக்கென்று வாங்கியது.
அங்கேயே கிடக்கட்டும்.
யாராவது வந்தால்
நான் எழும்பிப் போய்ச்
சுவிட்சைப் போடுவேன்.